தம்பிக்கு நான் வைத்த கருமாதி

எங்கள் தெருவில் ஒன்பது வயதில் தனியாகக் கிளம்பிப் போய்க் கருமாதிக்கு ஆள் அழைத்துவிட்டு வந்தவள் நான் ஒருத்திதான். இதைப் பெருமையாகச் சொல்வதா, வெட்கப்பட்டுச் சொல்வதா என்று எனக்கு இன்னும் முடிவாகவில்லை. அப்பா இருந்தவரை இந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து வெளியே போய்விடுவார். அம்மா சிரிப்பாள்.

காரைக்குடியில் ஊர் முடிந்து தேவகோட்டைச் சாலை தொடங்குகிற இடத்தில் எங்கள் தெரு. இரண்டு சாரியிலும் சேர்த்துப் பதினான்கு வீடுகள். முனையில் அப்பாவின் வாடகை சைக்கிள் கடை. கடையில் எட்டு சைக்கிள்கள் உண்டு. அதில் ஐந்து ஓடுகிற நிலையில் இருந்தால் அது நல்ல நாள். வீட்டில் அப்பா, அம்மா, நான், தம்பி, அப்பாவின் அக்கா. புருஷனை இழந்த பிறகு எங்களோடு வந்து சேர்ந்த அத்தை, வந்த மறுநாளே வீட்டின் சட்டப் புத்தகத்தைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். எந்தக் கிழமையில் எண்ணெய் தேய்ப்பது, வெளியே கிளம்பும்போது யார் தும்மினால் உட்கார்ந்து போவது, எல்லாம் அவளைக் கேட்டுத்தான் நடக்கும். அம்மா மறுபேச்சுப் பேச மாட்டாள். நான் பேசுவேன். அதனால் எனக்கு வீட்டில் வாயாடி என்று பெயர்.

தம்பிக்கு இரண்டு வயது நிறைய இன்னும் ஒரு மாதம் இருந்தது. பகலில் பாதி நேரம் என் இடுப்பில்தான் இருப்பான். அவனைத் தூக்கித் தூக்கி என் நடையே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது என்று அத்தை குறை சொல்வாள். ஐப்பசி அடைமழையில் அவனுக்குக் காய்ச்சல் கண்டது. நாலு நாள். டாக்டர் வந்து ஊசி போட்டார், பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார், கொண்டுபோனார்கள். விஷக்காய்ச்சல் என்றார்கள். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அவனைத் துணியில் சுற்றித் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

என்னை உடனே பக்கத்து ராவுத்தர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த வீட்டம்மா என்னை உள்ளே உட்கார வைத்துப் பொரியுருண்டை கொடுத்தார். நான் நாலு தின்றேன். ஐந்தாவதைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அப்பா அவனை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நடந்தே போனாராம். பின்னால் நாலைந்து ஆண்கள் போனார்களாம். எங்கள் பக்கத்தில் பச்சைப் பிள்ளையை எரிப்பதில்லை, புதைப்பதுதான். கொட்டு கிடையாது, சங்கு கிடையாது, பாடை கிடையாது. மூன்றாம் நாள் பால் ஊற்றிவிட்டு வந்தால் அதோடு சரி. துக்கம் கேட்கக்கூட யாரும் வர மாட்டார்கள். வந்தால் பெற்றவளுக்கு ஞாபகப்படுத்தியது போல் ஆகிவிடுமாம். மறந்திருப்பவளுக்குத்தானே ஞாபகப்படுத்த முடியும் என்று கேட்க எனக்கே அப்போது தோன்றவில்லை, இத்தனைக்கும் நான் வாயாடி. அந்த நாலு பொரியுருண்டை என் தொண்டையில் பல நாள் நின்றது. தம்பியைத் தூக்கிக்கொண்டு போகும்போது நான் தின்றுகொண்டிருந்தேன் என்பதை யாரிடமும் சொல்லவில்லை.

அம்மா அன்று காலையில் வாய்விட்டு அழத்தான் ஆரம்பித்தாளாம். அத்தை அவள் வாயைப் பொத்திவிட்டாள்.

"பச்சைப் பிள்ளைக்கு அழுகக் கூடாது. அழுதா அது போற எடத்துக்குப் போகாம வாசல்லயே நின்னுக்கிட்டிருக்கும்."

அம்மாதான் மறுபேச்சுப் பேசாதவள் ஆயிற்றே. அதோடு நிறுத்திக்கொண்டாள். அழுகையை மட்டுமல்ல, பேச்சையும் நிறுத்திக்கொண்டாள். அடுப்பைப் பற்றவைப்பாள், உலை கொதித்து வழிந்து அடுப்பே அணைந்துபோகும், பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எனக்குத் தலை பின்ன உட்காருவாள். ஒரு பக்கம் பின்னி முடித்து ரிப்பன் கட்டியதும் கை நின்றுவிடும். மறுபக்கம் என்ன ஆயிற்று என்று கேட்டால் திரும்பிப் பார்க்க மாட்டாள். இரண்டு நாள் ஒற்றைச் சடையோடு பள்ளிக்கூடம் போனேன். டீச்சர் கேட்டதற்கு, இதுதான் இப்போது தேவகோட்டையில் நாகரிகம் என்று சொன்னேன். டீச்சர் தேவகோட்டைக்காரர் என்பது பிறகுதான் தெரிந்தது. ஆனால் அன்று அவர் என்னைக் கூப்பிட்டு மறுபக்கத்தைப் பின்னிவிட்டார்.

பத்து நாள் ஆனது. அழாதே என்று சட்டம் போட்ட அத்தையே இப்போது, "ஒரு பாட்டம் அழுதாலாச்சும் தேவல, கல்லு மாதிரி உக்காந்திருக்காளே" என்று அப்பாவிடம் முறையிட ஆரம்பித்தாள். அப்பா கடைக்குப் போவார். ஓடுகிற சைக்கிளைக்கூடப் பிரித்துப் போட்டு மறுபடி மாட்டிக்கொண்டிருப்பார். அந்த மாதம் எங்கள் கடையில் எட்டு சைக்கிளும் ஓடின.

புதன்கிழமை சாயங்காலம் நான் அரிக்கேன் விளக்குக்குச் சிம்னி துடைத்துக்கொண்டிருந்தபோது அப்பாவும் அத்தையும் பேசியது காதில் விழுந்தது. அப்பா என் தாய்மாமாவுக்குக் கார்டு போட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மாமா வந்து அம்மாவை அழைத்துக்கொண்டு போகப் போகிறார்.

"அங்குட்டுப் போயி ரெண்டு மாசம் இருந்துட்டு வரட்டும்" என்றாள் அத்தை. "பெறந்த வீட்டுல இருந்தா மனசு தெளியும்."

நான் சிம்னியைக் கீழே வைத்துவிட்டு, "நானும் போறேனா?" என்றேன்.

"ஒனக்குப் பள்ளிக்கூடம் இருக்குல்ல" என்றார் அப்பா.

என் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். அவளுடைய அம்மாவும் இப்படித்தான் இரண்டு மாதம் என்று சொல்லிப் பிறந்த வீட்டுக்குப் போனவள், இரண்டு வருஷமாகத் திரும்பவில்லை. அதற்கு வேறு காரணங்கள் இருந்தன என்று இப்போது தெரியும். அப்போது எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். தம்பி போய்விட்டான். அம்மாவும் போகப் போகிறாள். மிச்சம் இருப்பது நானும் சட்டப் புத்தகமும்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் அம்மாவைச் சரிசெய்துவிட வேண்டும். எப்படி என்று யோசித்தேன். யோசனைக்கு எனக்குக் கைவசம் ஒரே ஓர் உதாரணம்தான் இருந்தது. ஒரு மாதத்துக்கு முன்பு மேலவீட்டுத் தாத்தா இறந்துபோயிருந்தார். எண்பது தாண்டியவர். கொட்டும் பூப்பல்லக்குமாகத் தெருவே திருவிழாப் போல இருந்தது. அந்த வீட்டுப் பெரியம்மா, அதாவது தாத்தாவின் மனைவி, பதினாறு நாளும் வருகிறவர்களை எல்லாம் கட்டிக்கொண்டு அழுதார். நான் தினமும் போய்ப் பார்த்தேன். பதினாறாம் நாள் கருமாதி, வடை பாயசத்தோடு சாப்பாடு. பதினேழாம் நாள் காலையில் நான் பள்ளிக்கூடம் போகும்போது அதே பெரியம்மா வாசலில் நின்று, பாலில் தண்ணீர் கலந்ததற்காகப் பால்காரரைக் கிழித்துத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார். எனக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. துக்கம் என்பது கருமாதி வரைதான். கருமாதி வைத்தால் போய்விடும். அம்மாவுக்கு ஏன் போகவில்லை என்றால் தம்பிக்குக் கருமாதி வைக்கவில்லை.

அத்தையிடம் கேட்டேன்.

"அத்தை, தம்பிக்கு எப்பக் கருமாதி?"

"பச்சைப் பிள்ளைக்கு ஏதுடி கருமாதி? வாயக் கழுவு."

அவனுக்குக் கொட்டும் இல்லை, பல்லக்கும் இல்லை. கருமாதியுமா இல்லை என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அவன் சின்னப் பையன் என்பதால் எல்லோரும் சேர்ந்து ஏமாற்றுகிறார்கள் என்று தோன்றியது. விரல் விட்டு எண்ணினேன். வெள்ளி ஒன்று, சனி இரண்டு என்று போய்ப் பதினாறு வருகிற சனிக்கிழமையில் விழுந்தது. மாமா வருவதற்கு முந்தின நாள். கடவுளே சம்மதித்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் பையை வாசலில் போட்டுவிட்டுக் கிளம்பினேன். துக்க காரியத்துக்குச் சொல்லப் போகிறவர்கள் எப்படிச் சொல்வார்கள் என்பதை மேலவீட்டுக் கருமாதியின்போது கவனித்து வைத்திருந்தேன். வாசல்படி ஏறக் கூடாது. தண்ணீர் கொடுத்தால் குடிக்கக் கூடாது. திரும்பும்போது போய்விட்டு வருகிறேன் என்று சொல்லக் கூடாது.

முதலில் மேலவீட்டுக்கே போனேன். அனுபவம் உள்ள வீடு அல்லவா. பெரியம்மா முற்றத்தில் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். நான் வாசலுக்குக் கீழே நின்று, கைகளைக் கட்டிக்கொண்டு சொன்னேன்.

"நாளைக்கு எங்க தம்பிக்குக் கருமாதி. பத்து மணிக்கு எல்லாரும் வந்துருங்க."

பெரியம்மா கையிலிருந்த புளியை முறத்தில் வைத்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"யாருத்தா சொல்லிவிட்டா?"

"அப்பா."

"ஒங்க அத்தைக்குத் தெரியுமா?"

"அத்தைதான் பத்து மணின்னு சொன்னாக."

பொய் சொன்னால் என் காது சிவந்துவிடும் என்பார்கள். அன்று என்ன நிறத்தில் இருந்தது என்று எனக்குத் தெரியாது. பெரியம்மா முறத்தை ஓரமாகத் தள்ளி வைத்தார். பிறகு, "சரித்தா. வாரோம்" என்றார்.

அவ்வளவு சுலபமாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அடுத்தது இட்லிக்கடை அக்கா. மாவு ஆட்டிக்கொண்டிருந்தவள் நான் சொன்னதைக் கேட்டுக் குழவியை நிறுத்திவிட்டாள். மாவுக் கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள். வருகிறேன் என்று வாயால் சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டினாள். எதிர்வீட்டுக்காரி, "பெரியவுகளுக்கு வைக்கிற மாதிரியேவா?" என்று கேட்டாள். அதே மாதிரிதான் என்றேன். ராவுத்தர் வீட்டுக்கு வந்தபோது சொல்வதா வேண்டாமா என்று தயங்கினேன். அவர்களுக்குக் கருமாதி கிடையாது. ஆனால் அந்த அம்மா வாசலுக்கு வந்து, பக்கத்து வீடுகளில் நான் சொல்லிக்கொண்டு வந்ததைக் கேட்டிருந்தார் போல.

"நானும் வரலாமாம்மா?" என்று என்னைக் கேட்டார்.

ஒரு பெரியவர் என்னிடம் அனுமதி கேட்டது அதுதான் முதல் தடவை. வரலாம் என்று சொன்னேன். தண்ணீர் தரட்டுமா என்றார். தாகமாகத்தான் இருந்தது, ஆனாலும் முறைப்படி மறுத்துவிட்டேன்.

இருட்டுவதற்குள் ஒன்பது வீட்டில் சொல்லி முடித்தேன். ஒருவர்கூட இதென்ன கூத்து என்று கேட்கவில்லை. நான் பொய் சொல்வதில் இவ்வளவு கெட்டிக்காரி என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

சனிக்கிழமை விடிந்ததும்தான் எனக்கு உறைத்தது. கருமாதிக்கு வருகிறவர்களுக்குச் சாப்பாடு போட வேண்டும். அழைப்பதில் இருந்த மும்முரத்தில் இதை மறந்தே போனேன். வடைக்கு உளுந்து ஊறவைக்கவில்லை. பாயசத்துக்கு வெல்லம் இருக்கிறதா என்று தெரியாது. அத்தை கிணற்றடியில் இருந்த நேரம் பார்த்து அரிசிப் பானையில் கையை விட்டு மூன்று படி அரிசியை ஒரு பாத்திரத்தில் கொட்டித் தண்ணீரை ஊற்றினேன். அதை எங்கே ஒளித்து வைப்பது என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே அத்தை வந்துவிட்டாள்.

"இம்புட்டு அரிசிய எதுக்குடி நனைச்ச?" என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் வாசலில் ஆள் அரவம் கேட்டது.

மேலவீட்டுப் பெரியம்மா குளித்து, வெள்ளைச் சேலை கட்டி, இடுப்பில் ஓலைப்பெட்டியோடு நின்றார். காரிய வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாது என்பது எங்கள் தெரு வழக்கம். பெட்டியில் அரிசியும் இரண்டு வாழைக்காயும் இருந்தன. பின்னாலேயே இட்லிக்கடை அக்கா ஒரு சட்டி உளுந்து மாவோடு வந்தாள். எதிர்வீட்டுக்காரி பூசணிக்காய். ராவுத்தர் வீட்டம்மா ஒரு தூக்குப் பாலும் வெல்லமும். ஒருவர் பின் ஒருவராகப் பதினோரு பெண்கள் உள்ளே வந்துவிட்டார்கள்.

அத்தைக்கு ஒன்றும் புரியவில்லை. "என்ன பெரியம்மா, எல்லாருமாச் சேந்து வந்திருக்கீக?" என்றாள்.

"கருமாதிக்குத்தான்" என்றார் பெரியம்மா, கோயிலுக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்தது போல.

அத்தை மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். அதற்குள் யாரோ கடையில் சொல்லி, அப்பா கிரீஸ் கையோடு ஓடிவந்துவிட்டார். வீடு நிறையப் பெண்கள், நனைந்த அரிசி, சுவரோடு ஒட்டிக்கொண்டு நான். அவருக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. அதுவரை என்னை அடித்ததே இல்லாத அப்பா அன்று கையை ஓங்கிவிட்டார். ஓங்கிய கையில் கிரீஸ் வழிந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

பெரியம்மா குறுக்கே வந்து நின்றார்.

"ஏப்பா, பிள்ளைய ஒண்ணும் சொல்லாத. நாங்களாத்தான் வந்தோம். நீ போயி நாலு எல அறுத்துட்டு வா."

அப்பா கையை இறக்கினார். அவர் இலை அறுக்கப் போய்த் திரும்பி வர ஒரு மணி நேரம் ஆயிற்று. வாழைமரம் எங்கள் கொல்லையில்தான் இருந்தது.

அம்மா உள்வீட்டில் வழக்கம் போலச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பெண்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். யாரும் அழவில்லை. மேலவீட்டில் பார்த்தது போலக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைப்பார்கள் என்று எதிர்பார்த்த எனக்கு ஏமாற்றமாகிவிட்டது. பெரியம்மா மட்டும் அம்மாவின் முழங்காலைத் தொட்டபடி உட்கார்ந்து, எந்தக் கருமாதி வீட்டிலும் கேட்கிற கேள்வியைக் கேட்டார். இறந்தவருக்குப் பிடித்ததை இலையில் வைத்துப் படைக்க வேண்டும் அல்லவா.

"பிள்ளைக்கு என்னத்தா புடிக்கும்?"

அத்தை தடுத்தாள். "பெரியம்மா, பச்சைப் பிள்ளைக்குப் படைக்கிற வழக்கம் இல்லையே."

"இல்லதான்" என்றார் பெரியம்மா. "நமக்கெல்லாம் அப்படித்தான் சொன்னாக."

சட்டப் புத்தகத்தில் அந்தப் பக்கம் இல்லை போலிருக்கிறது. அத்தை கதவோரமாகப் போய் உட்கார்ந்துவிட்டாள்.

பெரியம்மா மறுபடியும் கேட்டார். மூன்றாவது தடவை கேட்டபோது அம்மாவின் உதடு அசைந்தது. பதினாறு நாளைக்குப் பிறகு அவள் குரலைக் கேட்டோம். தொண்டை கட்டியவள் பேசுவது போல இருந்தது.

"பன்னு" என்றாள். "பால்ல நனைச்சுக் குடுத்தா திம்பான்."

"அதுமட்டும் இல்ல" என்று நான் குறுக்கே புகுந்தேன். விஷயம் முழுமையாகப் போய்ச் சேர வேண்டுமே. "அவனுக்கு என் சிலேட்டுக் குச்சிதான் ரொம்பப் புடிக்கும். தெனமும் கடிச்சுத் திம்பான். நான் அடிச்சாலும் திம்பான்."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அத்தனை நாளில் அவள் என்னைப் பார்த்த முதல் பார்வை. பிறகு, யாரும் எதிர்பாராத விதமாகச் சிரித்துவிட்டாள். "ஆமா பெரியம்மா, குச்சி திம்பான். வாயெல்லாம் வெள்ளையா வந்து நிப்பான். கேட்டா இல்லைன்னு தலைய ஆட்டுவான்" என்றாள். சொல்லும்போதே தம்பியின் பெயரைச் சொன்னாள். அந்த வீட்டில் அவன் போன பிறகு ஒருவரும் வாயில் எடுக்காத பெயர். சொன்னதும் சிரிப்பு அப்படியே அழுகையாக மாறிவிட்டது. பெரியம்மா அவளை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டார். யாரும் வாயைப் பொத்தவில்லை.

எனக்கும் அழுகை வந்தது. அழுதுகொண்டே ராவுத்தர் வீட்டம்மாவிடம் போய், அன்றைக்கு நான் நாலு பொரியுருண்டை தின்றேன் என்று சொல்லிவிட்டேன். அவர் என் முகத்தை முந்தானையால் துடைத்து, "நாந்தானேம்மா குடுத்தேன்" என்றார். அவ்வளவுதான். தொண்டையில் நின்றது இறங்கிவிட்டது.

பிறகு பெண்கள் எல்லோரும் அழுதார்கள். நான் நினைத்ததைவிடப் பெரிய அழுகை. மேலவீட்டுத் தாத்தாவுக்கு அழுதது இதில் பாதிகூட இருக்காது. எனக்குத் திருப்தியாக இருந்தது. ஆனால் பக்கத்தில் போய்க் கேட்டபோதுதான் ஒரு தப்பு நடப்பது தெரிந்தது. பெரியம்மா, "சோலை, என் சோலை" என்று அழுதுகொண்டிருந்தார். நான் அவர் காதருகே குனிந்து தம்பியின் பெயரைச் சொன்னேன். அவர் என் கன்னத்தைத் தடவிவிட்டு மறுபடியும் சோலை என்றே அழுதார். இட்லிக்கடை அக்கா பாண்டி என்றாள். எதிர்வீட்டுக்காரி வள்ளி என்றாள். ராவுத்தர் வீட்டம்மா சத்தமே இல்லாமல் கண்ணை மூடிக்கொண்டு ஜமீலா என்று முணுமுணுத்தார். கதவோரம் இருந்த அத்தை மடிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு வேறொரு பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் ஒவ்வொருவராகப் போய்த் திருத்தினேன். ஒருவரும் திருந்தவில்லை.

மத்தியானம் அவர்களே எழுந்து வடை சுட்டார்கள், பாயசம் வைத்தார்கள். அப்பா கொண்டுவந்த இலையில் பாலில் நனைத்த பன்னும் வடையும் வைத்து, நடுவில் பெரியம்மா என் பையிலிருந்து ஒரு புதுச் சிலேட்டுக் குச்சியை எடுத்து வைத்தார். அப்பா கும்பிட்டார். அம்மாவும் கும்பிட்டாள். பிறகு எல்லோரோடும் உட்கார்ந்து இரண்டு வடை சாப்பிட்டாள். நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

பதினேழாம் நாள் பால்காரர் தப்பித்துக்கொண்டார். அம்மா அப்படியெல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. அடுத்த பல மாதங்கள் திடீர் திடீரென்று அழுவாள். ஆனால் அழுதாள், பேசினாள், அவன் செய்த சேட்டைகளைச் சொன்னாள். நாங்களும் சொன்னோம். ஞாயிற்றுக்கிழமை வந்த மாமாவுக்கு மிச்சமிருந்த பாயசத்தைச் சுடவைத்துக் கொடுத்து, "நான் வரலண்ணே. இவளுக்குத் தல பின்ன ஆளில்ல" என்றாள். மாமா சாயங்கால பஸ்ஸில் தனியாகத் திரும்பிப் போனார்.

அவரை அனுப்பிவிட்டு அம்மா கொல்லையில் உட்கார்ந்து ஓலைப்பெட்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வந்த பெட்டியை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று ஒவ்வொன்றிலும் நாலு கத்தரிக்காய் போட்டாள். எது யார் பெட்டி என்று சொல்வது என் வேலை. அப்போதுதான் என் மனக்குறையைச் சொன்னேன்.

"அம்மா, அவுகளுக்குத் தம்பி பேரே தெரியல."

"யாருக்குத்தா?"

"யாருக்குமே. மேலவீட்டுப் பெரியம்மா சோலைங்குறாக. இட்லிக்கடை அக்கா பாண்டிங்குது. ராவுத்தர் வீட்டம்மா ஜமீலான்னு பொம்பளப் பிள்ளை பேரச் சொல்றாக. நான் போயிச் சொல்லியும் கேக்கல."

அம்மாவின் கை நின்றது. மறுபடியும் பழைய மாதிரி ஆகிவிட்டாளோ என்று பயந்துபோனேன். ஆனால் அவள் பேசினாள்.

"அவுகளுக்குத் தெரியும் ஆத்தா. அதெல்லாம் அவுக பிள்ளைக பேரு."

நான் விடுவேனா. தெருவில் இருக்கிற பிள்ளைகள் எல்லோரும் என்னோடு விளையாடுகிறவர்கள். சோலை என்றோ பாண்டி என்றோ ஜமீலா என்றோ அந்த வீடுகளில் ஒருவரும் கிடையாது.

"அவுக வீட்டுல அந்தப் பேர்ல யாருமே இல்லையேம்மா."

"இல்ல" என்றாள் அம்மா.

"அத்தையும் தப்பாத்தான் சொன்னாக. ராசாத்தி ராசாத்தின்னு அழுகுறாக. அத்தைக்குத்தான் பிள்ளையே கிடையாதே."

அடுக்களையில் அத்தை பாத்திரம் விளக்குகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அம்மா பெட்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் விளக்குகிற சத்தம் நின்றது. எட்டிப் பார்த்தேன். இரண்டு பேரும் சாம்பல் கையோடு அருகருகே உட்கார்ந்திருந்தார்கள். அத்தை என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள், அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பற்றித்தான் கோள் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன். இனி யாருடைய கருமாதிக்குச் சொல்லப் போனாலும் ஒவ்வொரு வாசலிலும் பெயரை முதலில் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் இந்தப் பெரியவர்கள் வாய்க்கு வந்த பெயரைச் சொல்லி அழுதுவிடுகிறார்கள் என்று, மிச்சப் பெட்டிகளில் கத்தரிக்காய் போட்டுக்கொண்டே தீர்மானம் செய்துகொண்டேன்.